எடை குறைந்து பிறந்த குழந்தை, உருவாகாத கணையம்: வேலூர்ப் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைக்குச் சிகிச்சை அளித்த நாங்கள் பெற்றோரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறோம். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். மருத்துவ விவரங்களை மாற்றவில்லை.

பின்னணி

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தில் லுங்கி நெய்யும் குடும்பம். தாய்க்கு 22 வயது. கணவர் அவருடைய தாய்மாமன், அதாவது அம்மாவின் கடைசித் தம்பி. ஆகவே அவருக்கு மாமியாரும், சிறுவயதில் தூக்கி வளர்த்த ஆயாவும் (அம்மாவின் அம்மா) ஒருவரே. வட ஆற்காட்டுக் கிராமங்களில் இப்படிப்பட்ட சம்பந்தத்தை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. நிலமும் தறியும் வெளியே போகாது, பெண்ணும் கண் முன்னே இருப்பாள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

கணவர் தறியில் இருக்கும் நேரத்தில் மனைவி வீட்டிலிருந்தே பீடி சுற்றுவார். கர்ப்பம் தெரிந்த பிறகும் ஏழாம் மாதம் வரை சுற்றினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தச் சர்க்கரை 104 மில்லிகிராம், இயல்பான அளவு. 32-ஆம் வார ஸ்கேனில் சிசுவின் வளர்ச்சி பின்தங்கியிருப்பது தெரிந்தது. நச்சுக்கொடிக்கான ரத்த ஓட்டத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. வளர்ச்சி குறைந்திருந்தும் ரத்த ஓட்டம் சரியாக இருந்தது என்ற இந்த முரண், பின்னால் பார்க்கும்போது பெரிதாகத் தெரிகிறது. அன்று அதற்கு எளிய விளக்கம் ஒன்று கையில் இருந்தது: மெலிந்த உடல், புகையிலைத் தூசி, போதாத சாப்பாடு.

இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை ஆண், சுமார் ஒன்றரைக் கிலோ எடை, ஆறாம் நாள் இறந்துவிட்டது. கையில் இருந்த தாளில் காரணம் 'எடை குறைவு, கிருமித்தொற்று' என்று எழுதப்பட்டிருந்தது. சர்க்கரை பார்த்ததாக அதில் எந்தக் குறிப்பும் இல்லை.

முதல் ஐந்து நாட்கள்

38 வாரம் முடிந்து ஒரு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1,650 கிராம். எடை குறைந்த குழந்தைகளுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதால் அங்கே முறைப்படி பரிசோதித்தார்கள். தாழ்ந்திருக்க வேண்டிய எண் 310 காட்டியது. ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் டிரிப்தான் காரணம் என்று அதன் வேகத்தைக் குறைத்தார்கள். மறுநாள் கருவி எண்ணையே காட்டவில்லை. அளவிட முடியாத உயரம் என்று மட்டும் காட்டியது. கிருமித்தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். ஐந்தாம் நாள் எங்களிடம் அனுப்பினார்கள்.

அனுப்பிய மருத்துவரின் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒவ்வொரு சர்க்கரை அளவுக்கும் எதிரே நேரத்தையும், அப்போது டிரிப் என்ன வேகத்தில் ஏறியது என்பதையும் எழுதியிருந்தார். டிரிப்பைக் குறைக்கக் குறைக்கச் சர்க்கரை இறங்கவில்லை என்பது அந்த அட்டவணையை ஒருமுறை பார்த்தாலே தெரிந்தது. அது இல்லாவிட்டால் நாங்களும் இரண்டு நாள் அதே வழியில் போயிருப்போம்.

வந்தபோது கண்டது

எடை 1,480 கிராம். வாய் உலர்ந்திருந்தது, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது, ஆனால் துணி நனைந்துகொண்டே இருந்தது. "மூத்திரம் நன்றாகப் போகிறது சார், அந்தக் குறை மட்டும் இல்லை" என்றார் ஆயா. நீர்வற்றிய குழந்தை இவ்வளவு சிறுநீர் கழிக்கக் கூடாது. ஆய்வகத்தில் பார்த்த சர்க்கரை 640. சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பு எரியும்போது சேரும் கீட்டோன் ரத்தத்தில் லேசாக இருந்தது. தொற்றைக் காட்டும் பரிசோதனைகள் இயல்பாக வந்தன. ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

இன்சுலின் கொடுப்பதற்கு முன்பே சி-பெப்டைடு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைத்தோம். உடல் இன்சுலினைத் தயாரிக்கும்போது உடன் வெளிவரும் துண்டு இது. வெளியிலிருந்து செலுத்தும் இன்சுலினில் இருக்காது. ஆகவே குழந்தை சொந்தமாக எவ்வளவு சுரக்கிறது என்பதை இது காட்டிவிடும். கண்டறிய முடியாத அளவு என்று முடிவு வந்தது. சர்க்கரை 640 இருக்கும்போது சி-பெப்டைடு இல்லை என்றால், உடலுக்கு நேர்ந்த தற்காலிக நெருக்கடியால் சர்க்கரை ஏறியது என்று சொல்ல இடமில்லை.

முதல் முடிவுகள்

டிரிப்பை நிறுத்தலாமா என்ற கேள்வி முதலில் எழுந்தது. அடியோடு நிறுத்தினால் எண் ஓரளவு இறங்கலாம், அட்டவணை அழகாகத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து இந்தக் குழந்தை பட்டினி கிடக்கிறது; ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை செல்லுக்குள் போகவில்லை. எனவே டிரிப்பில் போகும் சர்க்கரையைக் குறைக்காமல் இன்சுலினைச் சேர்க்க முடிவு செய்தோம். மிகச் சிறிய அளவில் நரம்பு வழியாக இன்சுலின் ஏறியது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் முதல் சர்க்கரை 200-க்கு அருகில் நின்றது.

ஒரு வாரத்துக்குப் பின் தோலடி ஊசிக்கு மாறினோம். ஒன்றரைக் கிலோ குழந்தைக்குத் தேவைப்படும் அளவைச் சாதாரண ஊசியில் எடுக்க முடியாது. மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள சாதாரண இன்சுலினை ஒரு பங்கு, சலைன் மூன்று பங்கு என்று நீர்க்கச் செய்து, மில்லிலிட்டருக்கு 10 யூனிட் ஆக்கிக்கொண்டோம். தினமும் புதிதாகக் கலந்து, பழையதைக் கொட்டிவிடுவது விதி. இன்சுலின் பம்ப் பற்றிப் பேசினோம். அதன் விலையையும் மாதச் செலவையும் சொன்னதும் தந்தை முடியாது என்று தலையை ஆட்டினார். அதை அப்படியே விட்டோம்.

மாத்திரையா, ஊசியா?

ஆறு மாதத்துக்குள் வரும் நீரிழிவு பெரும்பாலும் ஒற்றை மரபணுப் பிழையால் வருவது. அதில் கணிசமானவர்களுக்கு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் பொட்டாசியம் கதவில்தான் கோளாறு. செல் இருக்கிறது, இன்சுலினும் அதற்குள் இருக்கிறது, கதவு மூடாததால் சுரக்க மட்டும் முடிவதில்லை. கேசிஎன்ஜே11 மரபணுவில் இதற்கான பிழைகள் இருப்பது 2004-இல் கண்டறியப்பட்டது. 2006-இல் வெளியான ஆய்வில் இத்தகைய 49 பேரில் 44 பேரால் இன்சுலினை நிறுத்திவிட்டு, அந்தக் கதவை மூடச் செய்யும் சல்ஃபோனில்யூரியா மாத்திரைக்கு மாற முடிந்தது. கிளிபென்கிளமைடு என்ற அந்த மாத்திரை நம் ஊர் மருந்துக் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது.

ஆகவே இளம் மருத்துவர் ஒருவர், மரபணு முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நியாயமான யோசனை, பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சற்றுப் பொறுக்கலாம் என்றேன். கருவில் சதை வைக்கச் சிசுவுக்குச் சொந்த இன்சுலின் வேண்டும்; 38 வாரத்தில் 1,650 கிராம் என்பது கதவுக் கோளாறுக்குக்கூடக் குறைவாகவே தோன்றியது. செல்லே இல்லாத இடத்தில் அந்த மாத்திரைக்கு வேலை கிடையாது. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தத்தை அனுப்பிவிட்டு, செல் இருக்கிறதா என்பதற்கு வேறு தடயம் தேடினோம்.

எடை ஏறாத வாரம்

தடயத்தைக் கொண்டுவந்தவர் செவிலியர். மூன்றாம் வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, பாலும் கணக்குப்படி உள்ளே போனது. எடை மட்டும் 1,640-ஐ விட்டு நகரவில்லை. இன்சுலின் போதவில்லை என்று அளவை உயர்த்தினால் சர்க்கரை 60-க்குப் போய்விட்டது. துணி மாற்றும்போது மலம் வெளிறி, பளபளப்பாக ஒட்டிக்கொள்வதையும், துணியை அலசினால் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதையும் செவிலியர் குறித்து வைத்திருந்தார். ஆயாவிடம் கேட்டபோது, முதல் குழந்தைக்கும் அப்படித்தான் போயிற்று என்றார். அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கணையத்துக்கு இரண்டு வேலைகள். இன்சுலின் சுரக்கும் திட்டுகள் அதன் எடையில் நூற்றில் ஓரிரு பங்குதான். மீதி முழுவதும் கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகளைச் சுரக்கும் பகுதி. இரண்டுமே இல்லையென்றால் கோளாறு தனியொரு செல்லில் இல்லை, உறுப்பிலேயே இருக்கிறது.

கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி மலத்தில் எவ்வளவு என்று பார்க்க அனுப்பினோம். மாதிரி எடுத்த அன்றே, முடிவுக்குக் காத்திராமல், நொதி மருந்தைத் தொடங்கினோம். பரிசோதனை மனித எலாஸ்டேஸை மட்டுமே அளக்கும். மருந்தில் இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது என்பதால் ஒன்றை ஒன்று குழப்பாது. இந்த மருந்தின் மூலம் எது என்பதை எல்லாக் குடும்பங்களிடமும் முன்கூட்டியே சொல்கிறோம். பேரணாம்பட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டிய விஷயம். மாற்று மருந்து எளிதில் கிடைக்காத நிலையில் அவர்கள் தங்கள் பெரியவர்களைக் கேட்டு முடிவெடுக்க நேரம் வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை.

காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே உள்ள மணிகளை நசுக்காமல், சிறிது தாய்ப்பாலில் பாலுக்கு முன் கொடுக்க வேண்டும். பின்பு வாயைத் திறந்து ஈறோரத்தில் மணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒட்டினால் புண்ணாகிவிடும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சேர்த்தோம். நான்காம் நாளிலிருந்து எடை நாளுக்கு 25 கிராம் என்ற அளவில் ஏறத் தொடங்கியது. கூடவே சர்க்கரையும் ஏறியது. சாப்பிட்டது இப்போதுதான் உள்ளே சேர்கிறது. இன்சுலினை மூன்றில் ஒரு பங்கு கூட்டினோம். எலாஸ்டேஸ் முடிவு 15-க்கும் கீழே என்று வந்தது. 200-க்கு மேல் இருக்க வேண்டும். மாத்திரை யோசனையைக் கைவிட்டோம்.

கருவில் நடக்க வேண்டியிருந்தது

அடுத்து எதைத் தேடினோம் என்பது புரிய, கணையம் உருவாகும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். கருத்தரித்து ஏறக்குறைய நான்கு வாரத்தில், பிற்காலத்தில் குடலாகப் போகும் குழாயின் முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு மொட்டுகள் எழுகின்றன. இந்த இடம் கணையமாகட்டும் என்று தீர்மானிப்பதில் பிடிஎக்ஸ்1, பிடிஎஃப்1ஏ, ஜிஏடிஏ6 முதலிய மரபணுக்கள் பங்கெடுக்கின்றன. ஏழாம் வார அளவில் முன்மொட்டு சுழன்று வந்து பின்மொட்டுடன் சேர்ந்து ஓர் உறுப்பாகிறது. ஏழு, எட்டு வாரங்களில் இன்சுலின் கொண்ட முதல் செல்கள் தென்படுகின்றன. நியூரோஜி3 என்ற மரபணு குறுகிய காலத்துக்கு விழித்துக்கொள்ளும் செல்கள்தான் ஹார்மோன் சுரக்கும் செல்களாகின்றன. மனிதரில் இந்த அலை பத்தாம் வாரத்துக்குப் பின் உச்சத்தை அடைகிறது. பன்னிரண்டாம் வார அளவில் செல்கள் கூடித் திட்டுகளாகத் தொடங்குகின்றன.

பிறந்த பிறகும் வேலை முடிவதில்லை. சிசுவின் பீட்டா செல்கள் குளுக்கோஸ் ஏறியதும் சட்டென்று பதில் தருவதில்லை. அந்தக் கூர்மை பிறந்த பின்னரே கூடுகிறது. எண்ணிக்கை பெருகுவதும் வாழ்வின் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மிக அதிகம். ஒருவர் ஆயுள் முழுவதும் வைத்திருக்கப்போகும் பீட்டா செல்களில் பெரும்பங்கு சிறுவயதிலேயே முடிவாகிவிடுகிறது. இதில் பெரும்பகுதி எலியிடமிருந்து கற்றது, ஆனால் எலியும் மனிதரும் ஒன்றல்ல. எலியில் இரண்டு அலைகளாக நடப்பது மனிதரில் ஒரே அலையாக நடக்கிறது. எலியின் முதிர்ந்த பீட்டா செல்லில் அணைந்துவிடும் மாஃப்பி மரபணு மனிதரில் தொடர்ந்து வேலை செய்கிறது.

இங்கே பெற்றோருக்கு மிக முக்கியமாக இருந்தது வேறொன்று. தாயின் குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டும்; தாயின் இன்சுலின் தாண்டாது. "அவளுடைய இன்சுலின் குழந்தைக்குப் போய்ச் சேராதா?" என்று தந்தை கேட்டார். சேராது. கருவில் இருக்கும் சிசு தன் சொந்த இன்சுலினைக் கொண்டுதான் கடைசி மூன்று மாதங்களில் சதை வைக்கிறது. தாய்க்குச் சர்க்கரை அதிகமானால் சிசு கூடுதலாக இன்சுலின் சுரந்து பெருத்துப் பிறக்கிறது என்று டென்மார்க்கின் யோர்கன் பெடர்சன் 1950-களில் விளக்கியதும் இந்த அடிப்படையில்தான். இந்தக் குழந்தையிடம் நடந்தது அதற்கு நேர் எதிர். சொந்த இன்சுலின் இல்லாததால் சிறுத்துப் பிறந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து பின்னர் வேகமாக எடை கூடியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று காட்டியது. அதனால் சிறுத்துப் பிறந்த குழந்தை என்றால் தாயின் ஊட்டக்குறை, பிற்காலத்தில் நீரிழிவு என்ற ஒரே திசையில் நம் மனம் ஓடப் பழகிவிட்டது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது பொருந்தவும் செய்யும். மிகச் சிலருக்கு வரிசை தலைகீழ்: இன்சுலின் குறைதான் முதலில், சிறுத்த உடல் அதன் விளைவு.

எந்த உறுப்பைப் பார்ப்பது

கணையத்தை உருவாக்கும் மரபணுக்கள் உடலின் வேறு இடங்களிலும் வேலை செய்கின்றன. ஆகவே கணையம் இல்லாத குழந்தையின் மற்ற உறுப்புகள் எந்த மரபணு என்பதைச் சொல்லக்கூடும். அல்ட்ராசவுண்டில் குடல் வாயு மறைத்துவிட்டது. பால் கொடுத்துத் துணியில் சுற்றி உறங்க வைத்து, மயக்க மருந்தின்றி எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கணையம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

ஜிஏடிஏ6 பிழையில் இதயக் குறை வருவது வழக்கம். எக்கோவில் இதயம் சீராக இருந்தது. ஆர்எஃப்எக்ஸ்6 பிழையில் பித்தப்பை இருக்காது, குடல் அடைப்பு வரும். பித்தப்பை தெளிவாகத் தெரிந்தது. பிடிஎஃப்1ஏ மரபணுவே சிதைந்தால் சிறுமூளையும் உருவாகாது. சிறுமூளை முழுமையாக இருந்தது. உறவுத் திருமணங்களில் பிறக்கும் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் உல்காட்-ராலிசன் நோயில் கணையம் உருவாகியிருக்கும், எலும்பும் கல்லீரலும் பின்னர் பாதிக்கப்படும், அதுவும் பொருந்தவில்லை. கணையம் மட்டும் இல்லை, மற்ற எல்லாம் சரி. இப்படியொரு படத்துக்குக் காரணங்கள் மிகக் குறைவு.

மரபணு அறிக்கை

சில வாரங்கள் கழித்து வந்த அறிக்கை, பிழை எதுவும் காணப்படவில்லை என்றது. தந்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் நோய் இல்லையா என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. தாளில் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பரிசோதனை, புரதத்துக்கான செய்தி உள்ள பகுதிகளை மட்டும் படிப்பது. ஆனால் ஒரு மரபணுவை எந்தத் திசுவில், எந்த நேரத்தில் இயக்குவது என்பதைத் தீர்மானிக்கும் பகுதிகள் அதற்கு வெகு தொலைவில் இருக்கலாம். வீட்டுக்குள் எல்லா விளக்கும் நன்றாக இருந்து, தெருக்கம்பத்தில் ஃபியூஸ் போன கதை இது. 2014-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் ஆய்வாளர்களும் பிற நாட்டினரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, பிடிஎஃப்1ஏ மரபணுவிலிருந்து சுமார் 25,000 டிஎன்ஏ எழுத்துகளுக்கு அப்பால், ஏறக்குறைய 400 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைக் காட்டியது. அது கருவின் கணையத்தில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டுகிறது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு நகல்களிலும் அது கெட்டால் கணையம் உருவாவதில்லை, சிறுமூளைக்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதக் கருவின் கணையத்தை நேரடியாகப் பார்க்க முடியாது என்பதால், எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கருநிலை ஸ்டெம் செல்லைக் கணைய முன்னோடி செல்லாக வளர்த்து அதில்தான் இந்தப் பகுதியைக் கண்டுபிடித்தார்கள்.

எம்.ஆர்.ஐ., எக்கோ முடிவுகளை விவரித்து ஆய்வகத்துக்கு மறுபடியும் எழுதி, அந்தப் பகுதியைத் தனியே படிக்கக் கேட்டோம். ஒரே எழுத்து மாற்றம் குழந்தையின் இரு நகல்களிலும் இருந்தது. தாயிடம் ஒரு நகலில், தந்தையிடம் ஒரு நகலில். தாய்மாமன் உறவில், பொதுவான மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகலை இருவரும் குழந்தைக்குக் கொடுத்துவிடும் வாய்ப்பு ஒவ்வொரு மரபணு இடத்துக்கும் எட்டில் ஒன்று.

தாயிடம் சொன்னது

முடிவு வந்த அன்றே ஆயாவையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினோம். இது திட்டமிட்டுச் செய்தது. அதுவரை வார்டில் எங்கள் காதிலேயே பலமுறை விழுந்த பேச்சு, "வயிற்றுக்குச் சரியாகச் சாப்பிட்டாளா? பீடி முறத்தை விட்டு எழுந்தாளா?" என்பது. தாயிடம் தனியே சொன்னால் அவர் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, சொன்னாலும் எடுபடாது. நான்காம் வாரத்தில் மொட்டு எழவில்லை, அப்போது அவள் கர்ப்பம் என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது என்று விளக்கினோம். பீடித் தூசி கர்ப்பத்துக்கு நல்லதல்ல என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்தக் குழந்தையின் எடைக்கு அது காரணம் இல்லை.

ஆயா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்பு, "அப்படியென்றால் என் வழியாக வந்ததா?" என்று கேட்டார். அவர் வழியாகவோ அவருடைய கணவர் வழியாகவோ வந்திருக்கலாம் என்றோம். முதல் பேரனைப் பற்றி அவரே கேட்டார். அதுவும் இதுவாக இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு, ஆனால் அன்று ரத்தம் எதுவும் சேமிக்கப்படாததால் உறுதியாகச் சொல்ல இயலாது என்று பதில் சொன்னோம்.

வீட்டுக்கு அனுப்பியது

ஏழாம் வாரம் 2,260 கிராமில் வீட்டுக்குப் போனது. நீர்த்த இன்சுலினை வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். கலக்கும்போது ஒரு தவறு நேர்ந்தால் திருத்த ஆள் இருக்காது. இன்னொரு அபாயமும் உண்டு: நம் நாட்டில் 40 யூனிட் இன்சுலினும் 100 யூனிட் இன்சுலினும் புழக்கத்தில் இருக்கின்றன, முன்னதற்குச் சிவப்பு மூடி ஊசி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆயாவுக்கே நீரிழிவு உண்டு, 40 யூனிட் இன்சுலின் போடுகிறவர், இரண்டு பாட்டிலும் ஒரே வீட்டில். எனவே குழந்தைக்கு 100 யூனிட் மருந்து மட்டும், அரை யூனிட் கோடு உள்ள ஆரஞ்சு மூடி ஊசி மட்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை காலை, மாலை. ஆயாவின் மருந்தைத் தறி அறைக்கு மாற்றச் சொன்னோம்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பெரிய மண்பானைக்குள் சிறிய பானை, இடையே ஈர மணல். வேலூர் வெயிலில் அறை 38 டிகிரி இருந்தபோது உள்பானை 27 காட்டியது. திறந்த பாட்டிலுக்கு அது போதும். தாழ்சர்க்கரைக்குத் தேன் தடவலாமா என்று கேட்டார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது, சர்க்கரைக் கரைசல்தான் என்று சொல்லிக் கரைத்துக் காட்டினோம். ஐந்தாம் மாதம் தடுப்பூசிக் காய்ச்சலில் பால் மறுத்தபோது சர்க்கரை 41-க்கு இறங்கியது. கரைசலைக் கன்னத்தின் உள்பக்கம் தடவி, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, பிறகே எங்களுக்குப் போன் செய்தார்கள்.

ஆயாவின் மருந்துகளோடு வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர், இன்சுலின் போடும் கைக்குழந்தையை அதற்கு முன் பார்த்ததில்லை. தாய் அவருக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

குடும்பத்தில் அடுத்த கல்யாணம்

எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்று இது. தாயின் தங்கையை, மாமன் மகனுக்கு, அதாவது குழந்தையின் பெரியப்பா மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. இருவரும் பரிசோதிக்க வந்தார்கள். முடிவைத் தனித்தனியே சொல்வோம், மற்றவர் முடிவைச் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே கூறிவிட்டோம். ஒருவரிடம் பிழை இருந்தது, மற்றவரிடம் இல்லை. இருவரிடமும் இருந்தால் மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே குடும்பத்தாரிடம், "இந்த இணைக்கு இந்த நோய் வர வழியில்லை" என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் சொன்னோம். யாரிடம் இருக்கிறது என்று பெரியவர்கள் துருவிக் கேட்டார்கள், சொல்லவில்லை. இந்தப் பகுதியில் அந்தத் தகவல் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் போதுமானது.

கல்யாணம் நின்றுவிட்டது. மருத்துவக் காரணம் எதுவும் இல்லை; "ஒரு முறை பட்டது போதும்" என்றார்கள். அந்தப் பெண்ணை ஆற்காட்டுப் பக்கம் உறவில்லாத இடத்தில் கொடுத்தார்கள். அவர் விரும்பியது எது என்று நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வேலையும் அல்ல.

பெற்றோருக்கு அடுத்த பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு அபாயம். 11 முதல் 13 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க முடியும் என்று விளக்கியிருக்கிறோம். தாய் இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்; பரிசோதனை வேண்டாமா, பிள்ளை வேண்டாமா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

இப்போது

குழந்தைக்கு இரண்டரை வயது. எடை 10.4 கிலோ, வயதுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் வளர்ச்சி அட்டவணையில் தனக்குரிய கோட்டிலிருந்து இறங்காமல் ஏறுகிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாக 7.9. பேச்சும் நடையும் வயதுக்கு ஏற்றபடி. ஊசியும் நொதியும் ஆயுள் முழுவதும் வேண்டும்.

தந்தை கைபேசியில் பார்த்த ஸ்டெம் செல் விளம்பரம் ஒன்றைக் காட்டினார். 2014-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் குழு, கருவில் நடக்கும் அதே வரிசையை ஆய்வகத்தில் படிப்படியாக நடத்தி, குளுக்கோஸுக்குப் பதில் தரும் பீட்டா செல்களை உருவாக்கியது. அதன் தொடர்ச்சியாகப் பெரியவர்களிடம் மருத்துவச் சோதனைகள் நடக்கின்றன. உடல் அந்தச் செல்களை நிராகரிக்காதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும். விளம்பரத்தில் இருந்தது அது இல்லை. பணம் கட்ட வேண்டாம் என்று நேராகச் சொன்னோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் பிரிவில் சிறுத்துப் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை 250-க்கு மேல் இருந்து, டிரிப்பைக் குறைத்த பின்னும் இரண்டு நாள் இறங்காவிட்டால், தொற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே சி-பெப்டைடுக்கும் ரத்தம் எடுக்கிறோம். இன்சுலினுக்கு முன்பே எடுக்க வேண்டும் என்று இன்சுலின் வைக்கும் பெட்டியின் மீதே எழுதி ஒட்டியிருக்கிறோம். இதற்குச் செலவு ஒரு தாள். எடை அட்டவணையில் மலத்தின் நிறத்துக்கும் தன்மைக்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். செவிலியர் தாமாகக் குறித்து வைத்ததால்தான் இந்தமுறை தெரிந்தது. அடுத்த முறையும் அதே செவிலியர் பணியில் இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

மரபணுப் பரிசோதனைக் கோரிக்கைத் தாளில் 'பச்சிளம் நீரிழிவு' என்று மட்டும் எழுதி அனுப்புவதை நிறுத்தினோம். கணையம் இருக்கிறதா, நொதி சுரக்கிறதா, இதயமும் சிறுமூளையும் பித்தப்பையும் எப்படி என்பதை எழுதினால் ஆய்வகம் எங்கே படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. பிழை இல்லை என்ற அறிக்கையைக் குடும்பத்திடம் கொடுக்கும் முன், எதைப் படித்தார்கள், எதைப் படிக்கவில்லை என்பதை மருத்துவர் தாமே எழுதிச் சேர்க்கிறார்.

இன்னும் கைகூடாதது ஒன்று. முதல் வாரத்தில் இறந்த முந்தைய குழந்தையின் பிறப்பு எடை, சர்க்கரை, பெற்றோரின் உறவுமுறை ஆகிய மூன்றும் கர்ப்பப் பதிவின்போதே கேட்கப்பட வேண்டும் என்று வட்டார அளவில் பேசியிருக்கிறோம். உறவுமுறையைக் கேட்கச் செவிலியர்கள் கூச்சப்படுகிறார்கள், ஏனென்றால் அவர்களில் பலருடைய திருமணமும் அப்படிப்பட்டதே. கேள்வியை எப்படி வைத்தால் குற்றச்சாட்டாகத் தொனிக்காது என்பதை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.